அட்டையில் வந்த நாய்

அட்டைகள் வந்து இறங்கிய பிறகுதான், தன் நாவலில் ஒரு நாய் இருக்கிறது என்பது அவளுக்கே தெரிய வந்தது.

எழுதியவள் அவள். முதல் வரியிலிருந்து முற்றும் வரை அவளே எழுதி, அவளே தட்டச்சு செய்து, அவளே பிழை திருத்திய நாவல். அதில் ஒரு காதலன் உண்டு, ஒரு காதலி உண்டு, ஒழுகும் குழாய் உண்டு, வாயாடி அத்தை ஒருத்தி உண்டு. நாய் கிடையாது. ஆனால் பைண்டிங் கூடத்து மேசையில் விரித்துப் போட்டிருந்த அட்டைத் தாளில், அவள் வைத்த தலைப்புக்குக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது.

"அழகா இருக்குல்ல?" என்றாள் பைண்டிங் அக்கா. தாள் மடித்து, தைத்து, ஒட்டுகிற வேலை அவளுடையது. "உன் கதையில வர்ற நாயா?"

"எனக்கே இப்பதான்கா அறிமுகம்."

அந்தப் பதிப்பகம் மாதம் நான்கு காதல் நாவல்கள் போடும். நான்கு அட்டைகளும் ஒரே தாளில் ஒன்றாக அச்சாகும். கதை முடிந்ததோ இல்லையோ, அட்டை முந்திக்கொண்டு வந்துவிடும். படம் தேர்ந்தெடுப்பது முதலாளி. அவருக்கு நாவலைப் படிக்கப் பொறுமை கிடையாது, படம் பார்க்க நிறையவே உண்டு.

அவள் அங்கே பிழை திருத்துகிறவள். எல்லாருக்கும் அவள் 'புரூஃபு'தான். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்து, வாங்கிய பட்டத்தை மாட்டச் சுவரில் இடமில்லாமல் அலமாரியின் தலையில் படுக்கப் போட்டுவிட்டு வந்தவளுக்குக் கிடைத்த பெயர் அது. சேர்ந்த நாளிலிருந்து ஊரார் எழுதிய காதலுக்கெல்லாம் ஒற்றெழுத்துப் போட்டு நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறாள். அத்தனை காதலிலும் ஒரு நாய் இருந்தது, இல்லாவிட்டால் பூனை. ஒன்றில் ஆமை. கதாநாயகன் நல்லவன் என்று காட்ட இந்த எழுத்தாளர்கள் யாரும் மெனக்கெடுவதே இல்லை. மழையில் நனைகிற ஒரு குட்டியைத் தூக்கி மார்போடு அணைக்கச் சொல்வார்கள், தீர்ந்தது வேலை. அவன் சாப்பிட்ட தட்டையாவது கழுவினானா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் தன் நாவலையே எழுதினாள். எந்த உயிரும் வாலாட்டாத ஒரு காதல் கதை. பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டு, கெஞ்சாத குறையாக நின்று, இப்போதுதான் முதலாளி தலையசைத்திருந்தார்.

அட்டையைச் சுருட்டிக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

"சார், என் அட்டையில நாய் இருக்கு."

"ஆமா. ஜோரா இருக்குல்ல?"

"என் கதையில நாய் இல்ல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "இல்லையா? ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"ஏம்மா?" என்றார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிற குரலில்.

"தேவைப்படல சார்."

"உனக்குத் தேவைப்படல. வாசகிக்குத் தேவைப்படுமே. சரி விடு, உள்பக்கம் இன்னும் அச்சுக்குப் போகல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைப் போட்டுடு. நாயைக் கொண்டுவர்றது ஒரு பெரிய வேலையா? கதவைத் திறந்து விட்டா அதுவே உள்ள வரும்."

"நாயகி வீடு ஒரே ரூம் சார். அஞ்சு பேர் படுக்கறாங்க. நாய் எங்க படுக்கும்?"

"காலடியில."

"காலடியில தம்பி படுக்கறான்."

"அப்ப தம்பியைத் தூக்கிடு."

அவளுக்குத் திட்டத் தோன்றிய எதுவும் அலுவலகத்தில் சொல்லக் கூடியதாக இல்லை.

"இங்க பாரு," என்றார் முதலாளி, குரலைத் தணித்து. "அட்டை அடிச்சாச்சு. உள்ள நாய் இல்லன்னா இதை வேற ஒருத்தர் கதைக்குப் போட்டு, மேல பேரை ஒட்டிக்குவேன். உன் கதை அலமாரிக்குப் போகும். அவ்வளவுதான்."

அந்த அலமாரியை அவளுக்குத் தெரியும். தூசி தட்டுவதே அவள்தான். அதற்குள் போன கதை எதுவும் வெளியே வந்து அவள் பார்த்ததில்லை.

தன் மேசைக்கு வந்தால் அங்கே பூனையம்மா உட்கார்ந்திருந்தார். பதிப்பகத்தின் நட்சத்திர எழுத்தாளர். எந்த நாவலானாலும் ஒரு பூனை இல்லாமல் அவருக்குப் பேனா ஓடாது.

"என் புரூஃப் முடிஞ்சுதா கண்ணு?"

"ஒரு சிக்கல் மேடம். ரெண்டாம் அத்தியாயத்துல பூனை கடுவன். ஒன்பதாம் அத்தியாயத்துல குட்டி போடுது."

"ஐயையோ!" பூனையம்மா நெஞ்சில் கை வைத்தார். "குட்டி வேணுமேம்மா. கூடைக்குள்ள எட்டிப் பார்க்கும்போதுதானே ரெண்டு பேர் தலையும் முட்டிக்குது. அங்கதான் காதலே ஆரம்பம். நீ கடுவனைப் பெட்டையாக்கிடு."

"அது பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்திட்டுப் போகுது மேடம். அதை வச்சுத்தான் நாயகனுக்குப் பொறாமையே புரியுது."

"அப்ப சிநேகிதியைத் துரத்தினதா மாத்திக்கோ. நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. ஆனாலும் கேட்டாள்: "மேடம், இல்லாத கதையில நாயை எப்படிக் கொண்டுவர்றது?"

பூனையம்மாவின் முகம் மலர்ந்தது. "அது ரொம்பச் சுலபம். மனுஷங்க சொல்ல முடியாததை எல்லாம் அது தலையில கட்டிடு. அவ அழறாளா? நாய் கன்னத்தை நக்கட்டும். அவன் பொய் சொல்றானா? நாய் உறுமட்டும். கல்யாணத்துக்கு யாரும் ஒத்துக்கலையா? நாய் சாப்பிடாம படுத்துக்கட்டும். வீடே இறங்கி வரும்."

"அவன் பொய் சொன்னா அவளுக்கே தெரியாதா? அவளுக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு இருக்கு, ஆனா காதலிக்கறாளேம்மா," என்றார் பூனையம்மா, மிகுந்த இரக்கத்தோடு.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தாள். நாயகி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவள். நாயகன் அங்கே லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவன். ஆரம்பத்தில் மாடிப்படி வளைவில் ஒளிந்து நின்றுதான் இரண்டு வார்த்தை பேசுவார்கள். அங்கே நாயை விட்டதும் அது குரைத்தது. குரைத்தால் காவலாளி வருவான். காவலாளி வந்தால் காதல் மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஊமை நாயாக்கினாள். ஊமை நாயைப் பார்த்து நாயகி பரிதாபப்பட ஆரம்பித்தாள், அது இன்னும் கேவலமாக இருந்தது. கடைசியில் நாய் நாயகனைக் கடித்தது. எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அந்த வரியையும் அடித்துவிட்டாள்.

அம்மா வேலை முடிந்து வந்து செருப்பை உதறினாள். கதைநாயகி பார்க்கிற அதே வேலைதான் அம்மாவுக்கும்.

"என்னடி, காகிதத்தை இப்படிக் கசக்கிப் போட்டிருக்கே? யாரு கூட்டறது?"

"நாய் ஒண்ணு வேணுமாம் கதைக்கு. என் உயிரை எடுக்கறாங்க."

"நாயா? நான் ஒண்ணு தர்றேன், கொண்டு போ." அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். "நான் வேலை பார்க்கற வீட்டம்மா இப்ப அவங்க நாயை வெளிய கூட்டிட்டுப் போற வேலையையும் என் தலையில கட்டிட்டாங்க. அது என்னை இழுத்துட்டுப் போகுது. ஆனா ஒண்ணுடி, அந்த வாட்ச்மேன் இருக்கான்ல, நான் தனியா நடந்தா 'எங்க போறே, எந்த வீடு, பையில என்ன'ன்னு குடைவான். நாயோட போனா எழுந்து நிக்கறான். பெஞ்சில உட்கார்ந்தாக்கூட ஒரு வார்த்தை கேட்கறதில்ல."

"பெஞ்சிலயா? நீயா?"

"நாய் உட்கார்ந்தா நான் என்ன பண்றது? நானும் உட்கார்றேன். நல்லாத்தான் இருக்கு."

அம்மா எழுந்து முகம் கழுவப் போனாள். மகள் நாவலின் பக்கங்களைப் புரட்டினாள். அவளுடைய நாவலில், நான்காம் அத்தியாயத்தில், நாயகியும் நாயகனும் அந்தக் குடியிருப்புத் தோட்டத்து பெஞ்சில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அது பொய். இத்தனை பேர் பொய்யையும் சிவப்பு மையில் வட்டம் போட்டவளுக்குத் தன் பொய் கண்ணில் படவே இல்லை. வேலைக்காரியையும் லிஃப்ட்காரனையும் அந்த பெஞ்சில் எவன் உட்கார விடுவான்? கையில் நாய்ச் சங்கிலி இருந்தால் விடுவான்.

அதற்குப் பிறகு நாய் தானாகவே வந்தது. அது வீட்டம்மாவின் நாய். யாரும் அதைக் கொஞ்சவில்லை, அதுவும் யாருடைய கண்ணீரையும் நக்கவில்லை. சங்கிலியின் ஒரு முனையில் அது இருந்ததால், மறுமுனையில் இருந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாயகன் கூடவே நடந்தான். நாய் மோப்பம் பிடிக்க நின்ற இடமெல்லாம் அவர்களுக்குப் பேச இடம் கிடைத்தது. முடிவில் வீட்டம்மா குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறாள். நாய் காரின் பின்சீட்டில் ஏறிப் போய்விடுகிறது. மறுநாள் சாயங்காலம் நாயகியும் நாயகனும் வெறுங்கையோடு அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். காவலாளி வருகிறான். "யாரு நீங்க, இங்க என்ன வேலை?" நாயகி எழுந்திருக்கவில்லை. "இவரோட உட்கார்ந்திருக்கேன்," என்கிறாள். முற்றும்.

இதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல வரி என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வரி புத்தகமாக வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும்.

முதலாளி இந்த முறை படித்தார். நாய் வருகிற பக்கங்களை மட்டும்.

"நாய் வந்தாச்சு. சந்தோஷம். ஆனா கடைசியில எங்கம்மா போச்சு?"

"வேற ஊருக்கு சார். அதோட சொந்தக்காரங்களோட."

"திரும்பி வராதா?"

"அது இவங்க நாய் இல்ல சார்."

"வாசகி என்னைத்தான் கேட்பா, நாய்க்கு என்னாச்சுன்னு. கடைசியில ஒரே ஒரு தடவை ஓடி வரட்டும். வாலை மட்டும் ஆட்டட்டும்."

"அது வந்தா அவ சொன்ன வார்த்தைக்கு அர்த்தமே இல்ல. நாய் இல்லாம உட்கார்ந்தாங்கறதுதான் சார் கதை."

"கதை, கதை," என்று முணுமுணுத்தார் முதலாளி. பிறகு கையை வீசினார். "சரி, போ. அச்சுக்கு அனுப்பு."

அவர் அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. கடைசி புரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் யாரையும் திட்டாமல் நடமாடினாள்.

புத்தகம் தயாரான அன்று பைண்டிங் அக்காதான் கூப்பிட்டாள். மடிக்கிற தாளையெல்லாம் படித்துவிடுகிறவள் அவள்.

"ஏ புரூஃபு, இங்க வா. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நாய்தான் கார்ல ஏறிப் போயிடுச்சே. அப்புறம் எப்படி ஓடி வருது?"

"எது ஓடி வருது?"

"அதான், கடைசியில."

அவள் புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "இவரோட உட்கார்ந்திருக்கேன்," என்ற வரிக்குக் கீழே, அவள் எழுதாத வரி ஒன்று அச்சாகியிருந்தது.

'அப்போது தூரத்தில் பிஸ்கட் வாலை ஆட்டியபடி துள்ளி ஓடி வந்தது. அதன் கண்களில் ஆனந்தக் கண்ணீர்!'

நாய்க்கு அவள் பெயரே வைக்கவில்லை. பிஸ்கட்டாம். போதாக்குறைக்கு ஆனந்தக் கண்ணீர் வேறு. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, முதலாளி நேராகத் தட்டச்சுக்காரரிடம் போய்ச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

"காசு கொடுத்து வாங்கினவ என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள் பைண்டிங் அக்கா. "அந்தப் பொண்ணு அவ்வளவு தைரியமா சொல்லிட்டு உட்கார்ந்திருக்கா. வாட்ச்மேன் என்ன சொன்னான்னு பார்க்கலாம்னா, நடுவுல இது வந்து வாலாட்டுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது அவள் நாவல். கடைகளுக்கு எடுத்துப் போக வண்டி சாயங்காலம் வரும். பார்சலில் முகவரி எழுதுகிற தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தாள். முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். மை காய ஊதினாள். அடுத்ததை எடுத்தாள்.

பைண்டிங் அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்ட ஆரம்பித்தாள்.

மூன்றாம் கட்டில் இருக்கும்போது முதலாளி வந்தார்.

"என்னம்மா பண்றே?"

"பிழை திருத்தறேன் சார்."

"அச்சடிச்ச புத்தகத்திலயா? பைத்தியமா உனக்கு?"

"சம்பளமே அதுக்குத்தானே சார் தர்றீங்க."

"கறுப்பா அடிச்சா அசிங்கமா இருக்காதா? எவ வாங்குவா?" அவர் ஒரு புத்தகத்தைக் குனிந்து எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அந்தக் கறுப்புப் பட்டைக்கு மேலே நின்ற ஒரே வரியைப் படித்தார். இந்த நாவலில் நாய் இல்லாத ஒரு வரியை அவர் படித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். "வேலையை விட்டே தூக்கிடுவேன், தெரியுமில்ல?"

"தூக்குங்க சார். இந்தக் கட்டு முடியட்டும்."

"நாய் எங்கேன்னு கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?" குரல் உடைந்துவிடும் போலிருந்தது மனுஷனுக்கு.

"ஊருக்குப் போயிடுச்சுன்னு சொல்லுங்க," என்றாள் பைண்டிங் அக்கா.

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பாதிக் கட்டுகள் கூட முடியவில்லை. மீதியெல்லாம் ஆனந்தக் கண்ணீரோடுதான் கடைக்குப் போகும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் உள்ளே வந்து முதல் கட்டைத் தோளில் ஏற்றினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா நீட்டிய அடுத்த புத்தகத்தை வாங்கி, கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.