டிசம்பரில் எழுதாத கடிதம்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் டாக்சி நின்றதும் பென்னட் துரை கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினார். எழுபது வயதுக்காரர் பள்ளிக்கூடப் பையனைப் போலப் பரபரத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த வேணுகோபாலுக்குத்தான் கால் எழவில்லை.

ஏரியில் தண்ணீர் இல்லை. பறவையும் இல்லை. அது அவனுக்கு டிசம்பரிலேயே தெரியும்.

சின்ன காஞ்சிபுரத்தில் டாக்சி ஓட்டுகிறவன் வேணுகோபால். பின் சீட்டில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் ஊட்டி, கொடைக்கானல் விளம்பரத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வான். பிக்சரெஸ்க், பிரெத்டேக்கிங், பாரடைஸ். என்ன பிரயோசனம்? அவன் சவாரியெல்லாம் கோயிலுக்கு. வரதராஜப் பெருமாளைப் போய் பிக்சரெஸ்க் என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அப்படி இருக்கையில்தான் போன ஜூலையில் லாட்ஜ் மானேஜர் கலியாணசுந்தரம் லாட்ஜுக்கு வந்த ஒரு கடிதத்தை நீட்டிப் பதில் எழுதச் சொன்னார். பென்னட் எழுதியிருந்தார். யுத்த காலத்தில் மதராஸில் இருந்தபோது வேடந்தாங்கலில் கூழைக்கடாப் பறவைகளைப் பார்த்திருக்கிறார். இப்போது பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இந்தக் குளிர்காலம் வரைதான் கண் தாங்கும் என்று டாக்டர் கெடு வைத்துவிட்டார். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், ஜனவரியில் வரலாமா?

வேணுகோபால் தன் சரக்கு முழுவதையும் இறக்கிப் பதில் எழுதினான். இரண்டு பக்கம்.

"பேஷ்பா," என்றார் மானேஜர். "படிக்கிறப்பவே ரெக்கை அடிக்கிற சத்தம் கேக்குது."

ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. கார்த்திகையும் காய்ந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் செங்கல்பட்டுச் சவாரி போனவன் அப்படியே ஏரிவரை போய் எட்டிப் பார்த்தான். மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

"அந்தத் துரைக்கு ஒரு வரி போட்டுடுப்பா, பாவம்," என்றார் மானேஜர்.

போட உட்கார்ந்தான். அவனிடம் இருந்த இங்கிலீஷ் எல்லாம் ஆளைக் கூப்பிடுகிற இங்கிலீஷ். வராதே என்று சொல்ல அதில் ஒரு வார்த்தை கிடையாது. வறட்சிக்கு என்ன சொல்வது, ஏமாற்றத்துக்கு என்ன சொல்வது? எந்த விளம்பரத் தாளில் அதையெல்லாம் போட்டிருக்கிறான்?

எதிர்வீட்டு ஜெயம்மாள் டீச்சரைக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருப்பாள். ஆனால் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவள், "இன்னா வேணு, இன்னிக்கி எத்தினி பிரெத்டேக்கிங் வித்த?" என்று சீண்டுகிறவள். அவள் வாசலில் போய் நிற்பதா?

"புயல் ஒண்ணு அடிச்சா ஒரே நாள்ல ரொம்பிடும் சார்," என்று மானேஜரிடம் சொல்லித் தப்பித்தான்.

புயல் வரவில்லை. பொங்கல் கழித்து பென்னட்டும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். வந்தவரிடமாவது சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து நாலு தடவை வாயெடுத்தான். நாலு தடவையும் தொண்டையைச் செருமியதோடு சரி.

இப்போது கரைமேல் நின்று பென்னட் கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஏரி நடுவே மரங்கள் மொட்டையாக நின்றன. பல வருஷப் பறவை எச்சம் காய்ந்து கிளையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"அதோ, வெள்ளையாகத் தெரிகிறதே. கூழைக்கடாதானே?"

பென்னட்டின் மனைவி திரும்பி வேணுகோபாலைப் பார்த்தாள். அவளுக்கு நல்ல கண். எல்லாம் தெரிந்துவிட்டது. நீ சொல் என்பதுபோல் நின்றாள்.

"எஸ் சார்," என்றான் வேணுகோபால். "தௌசண்ட்ஸ் சார். பிரெத்டேக்கிங்."

பென்னட் தொப்பியைக் கழற்றினார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை வேணுகோபாலால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏன் சத்தமே இல்லை?"

"ஸ்லீப்பிங் சார்."

அந்த நேரம் பார்த்து ஏரிக்குள்ளிருந்து மணிச்சத்தம் வந்தது. ஆட்டு மந்தை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முப்பது ஆடுகள் கத்திக்கொண்டு வந்தன. பின்னால் கோலோடு வந்த அங்கம்மாள் அண்ணாந்து பார்த்து உரக்கக் கேட்டாள்.

"ஏம்பா டிரைவரு, அவுங்களுக்கு இன்னாத்தக் காட்டிக்கினு கீற? இந்த வருசம் ஒரு காக்காகூட வர்ல."

அவள் தமிழ் பென்னட்டுக்குப் புரிந்திருக்காது. ஆட்டின் குரல் புரிந்தது. கரைச்சரிவில் தட்டுத்தடுமாறி இறங்கினார். குனிந்து கையால் தரையைத் தடவினார். வெடிப்புக்குள் நாலு விரலும் போயின.

வேணுகோபால் அவர்களைச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். பிளாட்பாரத்தில் மதராஸ் ரயில் வந்து நின்றபோதுதான் பென்னட் கேட்டார்:

"எப்போது தெரியும் உனக்கு?"

"டிசம்பர் சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நாங்கள் தில்லியில்தான் வந்து இறங்கினோம். அங்கிருந்து அரை நாள் தூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. இந்த வருஷம் அதில் தண்ணீர் நிறைய, கூழைக்கடாக்கள் வந்திருக்கின்றன என்று ஹோட்டலில் சொன்னார்கள். உன் கடிதத்தை நம்பி அதை விட்டுவிட்டு வந்தோம். நாளை மறுநாள் மதராஸிலிருந்தே எங்களுக்கு ஊர் திரும்ப விமானம்."

வேணுகோபால் பெட்டியை ஏற்றி வைத்தான். பென்னட் ரயில்படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டிருந்தார். வேணுகோபால் ஓடிப்போய்க் கையை நீட்டினான்.

அவர் மனைவி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தானே பிடித்து ஏற்றினாள்.