இரண்டாம் சரணத்தில் ஓடியவன்

இருபத்தெட்டு வருடங்கள் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. சொத்துத் தகராறு என்றாலாவது நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள். எங்களுடையது தாளத் தகராறு. எங்கள் ராக் குழுவில் அவன் கிட்டாரும் பாட்டும், நான் டிரம்ஸ். ஒரே ஒரு கேசட் போட்டோம். நாய்கூடச் சீண்டவில்லை. நீ தாளத்தை முந்தி ஓடியதுதான் பாட்டைக் கெடுத்தது என்றான் அவன். பின்தங்கி இழுத்தது நீதான் என்றேன் நான். வாய்ச்சண்டை முற்றி, அன்றோடு குழுவும் போச்சு, பேச்சும் போச்சு.

சென்ற வருடம் அவனே போய்விட்டான். அன்றைக்கும் வீம்பு விடவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, அண்ணி முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

போன வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போன் செய்தாள். அந்தக் காலத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட ராக் பாட்டுகளைத் தேடித் தொகுப்பவளாம். பழைய சாமான் கடையில் எங்கள் கேசட் கிடைத்ததாம்.

“பிரமாதமான பாட்டு சார். இதை எப்படி சார் விட்டாங்க?”

பாட்டைப் போனுக்கு அனுப்பினாள். நான் கேட்டுப் பார்க்கவில்லை. எதற்கு? நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? பிசகாமல் டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமைச் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன்.

“கேளுங்க அண்ணி. யாரு இழுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் சரணம்வரை டிரம்ஸ் மெட்ரோனோமோடு ஒழுங்காக வந்தது. இரண்டாம் சரணத்தில் அதை விட்டுவிட்டு முன்னே போய்விட்டது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஓடியது நான்தான். கிட்டார் ஒரு வரி தன் இடத்திலேயே நிற்கிறது. அடுத்த வரியில் அடித்துப்பிடித்து என்னை எட்டிவிடுகிறது. அண்ணன் மூச்சு வாங்க, சொற்களை விழுங்கிக்கொண்டு, என் தப்பு வெளியே தெரியாதபடி கடைசிவரை என்னோடேயே பாடி முடிக்கிறான்.

“நான்தான் அண்ணி,” என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

“அவர்கிட்ட சொல்லியிருக்கணும் தம்பி,” என்றார்.

மறுநாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள்.

“சார், நடுவுல டிரம்ஸ் கொஞ்சம் ஓடுது. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் நேராக்கிடட்டுமா?”

“வேண்டாம்மா. அப்படியே விட்டுடு.”

“கேக்கறவங்க உங்களைத்தானே சார் குறை சொல்வாங்க?”

“சொல்லட்டும்மா. நேராக்கிட்டா, எங்கண்ணன் என்னைத் தனியா விடாம பின்னாடியே ஓடி வந்தது யாருக்கும் கேக்காது.”