கை படாத ட்ரம்பெட்

அன்று மத்தியானம் என் கணவர் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, ட்ரம்பெட்டுக்கு நான் தைத்த தோலுறையின் கயிற்று நுனியில் முடிச்சுப் போட்டதுதான்.

"நீர் போட்டது அவிழும். விடும் இஞ்சை" என்று என் கையிலிருந்து வாங்கினார். "வலைக்குப் போடுற முடிச்சுப் போடவேணும்."

"இதுக்குள்ளை மீன் பிடிக்கப் போறியளோ?"

"மீன் பட்டால், உறை கேட்ட அடைக்கலநாதண்ணைக்கு ஒரு கறி குடுத்துவிடும். அவரின்ரை மனம் குளிரட்டும்."

முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு, ஈர வலையைக் காயப்போடக் கரைக்குப் போனார். நான் சோறு வடிப்பதற்குள் அங்கே பீரங்கி ஷெல் விழுந்தது.

என் கணவர் கனிசியஸ் குருநகரில் கடற்றொழில் செய்தவர். எங்கள் வேதக்கோவில் பாண்டில் ட்ரம்பெட் ஊதியவரும் அவரே. அவரிடம் இருந்தது எப்போதோ கொழும்பில் இரண்டாங்கையாக வாங்கிய பழையது. மேற்பூச்சு எல்லாம் போய், இடது கை பொத்திப் பிடிக்கிற இடத்தில் பித்தளை கறுத்து, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது. ஊதி முடித்தால் அவருடைய பெருவிரல் இடுக்கில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். சவுக்காரம் போட்டாலும் லேசில் போகாது.

எண்பத்தாறில், ஜெர்மனிக்குப் போன எங்கள் ஊர்ப் பெடியன்கள் காசு சேர்த்துப் புது ட்ரம்பெட் ஒன்றை அனுப்பினார்கள். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். அதன் அகன்ற வாய்க்குள்ளே கடைக்காரன் ஒட்டிய வட்டமான சின்ன ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. அதை உரிக்கப் போனவர்களைப் பாண்டின் செயலாளர் அடைக்கலநாதன் தடுத்தார். நகம் பட்டால் பூச்சுக் கிளம்பிவிடுமாம். ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது.

யார் ஊதுவது என்று கூட்டம் வைத்தார்கள்.

"கனிசியஸ்தான் ஊதவேணும், அதிலை கதையில்லை" என்றார் அடைக்கலநாதன். "ஆனால் கடல்தண்ணி ஊறின கை. ஒரு திருநாளிலையே பொலிஷைத் திண்டுபோடும்."

கந்தோரில் எழுத்து வேலை பார்த்தாலும் அடைக்கலநாதனும் எங்கள் ஆள்தான். அவருடைய தகப்பன் இதே கரையில் வலை இழுத்து அவரைப் படிப்பித்தவர். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். என்னுடைய மனிசனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் அவருக்கு மன்னிக்கவில்லை.

என் கணவர் கையுறை போட்டுப் பார்த்தார். பிடி வழுக்கியது. அப்போதுதான் அடைக்கலநாதன், கை பிடிக்கிற இடத்துக்கு ஒரு உறை தைத்துக்கொண்டு வந்தால் திருநாளுக்குப் புதியதைத் தருவதாகச் சொன்னார்.

கலியாணத்துக்கு மச்சாள் தந்த தோற்பை ஒன்று என்னிடம் இருந்தது. சந்தையில் மீன் விற்கப் போகிறவளுக்குத் தோற்பை எதற்கு. அதை வெட்டினேன். பழைய ட்ரம்பெட்டில் வைத்து அளவெடுத்தேன். வேர்வை உள்ளே தங்கினால் பித்தளையை இன்னும் மோசமாக அரிக்கும் என்று அவர் சொன்னதால், உள்ளுக்கு அவர் இடுப்பில் கட்டிப் பழசான சாரத் துணியை வைத்துத் தைத்தேன். ஊதி முடிந்ததும் கழற்றிக் காயவிடலாம், அதற்குத்தான் கயிறு. ஒரு பித்தளைக்கு நாங்கள் இவ்வளவு பார்த்தோம்.

ஷெல் அவருடைய நெஞ்சைக் கொண்டுபோனது. கைகளில் ஒரு கீறலும் இல்லை. செபமாலையைச் சுற்றிச் சவப்பெட்டியில் வைத்தபோது இடது பெருவிரல் இடுக்கில் பச்சை தெரிந்தது. நான் துடைக்கவில்லை. துடைக்க வந்த பெண்ணின் கையைத் தட்டிவிட்டேன்.

ஷெல் அடித்தவனை எனக்குத் தெரியாது. அவனுடைய முகத்தை நான் காணவில்லை. அடைக்கலநாதனின் முகத்தைக் கண்டேன்.

அடக்கத்துக்குப் பாண்ட் எங்கள் வாசல் ஒழுங்கையில் வந்து நின்றது. பெரிய மேளம் அடிக்கிற சிமியோன், என் கணவரோடு ஒரே தோணியில் போனவர், செயலாளரோடு கதைப்பது உள்ளே கேட்டது.

"அண்ணை, புதுசை எடுப்பம். அவனுக்கெண்டு வந்ததுதானே. ஆரும் ஊதட்டும்."

"விசர்க்கதை கதையாதை. வெயில் கொளுத்துது. ஒவ்வொருத்தன்ரை கையும் வேர்வை. சவக்காலை வரைக்கும் பிடிச்சுக்கொண்டு போனால் பிறகென்னத்தைத் திருநாளுக்குக் காட்டுறது?"

உறையை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து எழும்பக்கூடாது என்று யாரோ சேலையைப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டு போனேன்.

"உறை தைச்சாச்சு அண்ணை" என்று நீட்டினேன். "இதைப் போட்டு ஊதச் சொல்லுங்கோ."

அவர் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். பிறகு என் கையில் திருப்பி வைத்து, மிகவும் அன்பாக, இரங்கிய குரலில் சொன்னார்.

"தங்கச்சி, இனி ஏன் உது? அவன்ரை கை இனி அதிலை படாதுதானே."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். சிமியோன் குனிந்துகொண்டார். யாராவது அந்த ஆளின் வாயில் அடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் அடிக்கவில்லை.

"ஓம்" என்றேன். "படாது. அப்ப உங்கடை பாண்டின்ரை காத்தும் அவரிலை படவேண்டாம். எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போங்கோ."

"தங்கச்சி, கவலையிலை கதைக்கிறீர். பாண்ட்காரனைப் பாண்ட் இல்லாமல் அடக்கினால் ஊர் என்ன சொல்லும்?"

"கடல் கையை அடக்க வாத்தியம் என்னத்துக்கெண்டு சொல்லும்."

அவரைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் அடக்கினோம். பங்குச் சுவாமியும், பாண்ட் இருந்திருக்கலாம் என்று சொன்னார். சிமியோன் மேளத்தைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டு வந்து பெட்டியைத் தூக்கினார். மற்றவர்கள் வாத்தியங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.

அந்த வருடம் சண்டையில் திருநாள் நடக்கவில்லை. பிறகு நடந்த திருநாள்களில் ஒன்றுக்கு மழை, ஒன்றுக்கு ஊதத் தகுந்த ஆள் இல்லை. எப்போது கேட்டாலும் அடைக்கலநாதன் அடுத்த திருநாளைக் காட்டினார். பூசை உடுப்பு வைக்கிற அறையில், அலுமாரிக்குள், கம்பளியில் சுற்றி ட்ரம்பெட் இருந்தது.

தொண்ணூற்றைந்தில் ராணுவம் வர, ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நான் உறையை மடியில் செருகிக்கொண்டு போனேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மறுநாள் காலையில் அடைக்கலநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டுச் சாமான் ஒன்றும் இல்லை. கரியரில் ட்ரம்பெட் பெட்டி மட்டும். மெலிந்துபோயிருந்தார். கயிற்றை அவிழ்த்து, உள்ளே ஈரம் புகுந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தார். ட்ரம்பெட்டைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு வைக்க இடம் தேடினார். நிலமெல்லாம் சேறு. பக்கத்தில் நான்தான் நின்றேன்.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பிடிக்கிறீரோ?"

"என்ரை கை வேர்வை அண்ணை" என்றேன்.

அவர் அதை மற்றக் கைக்கு மாற்றினார். கம்பளி ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு மங்கல் இல்லை. வாய்க்குள்ளே கடைக்காரனின் ஒட்டுத்தாள் அப்படியே ஒட்டியிருந்தது.