இருபது நிமிடத்தில் விழுந்த கோட்டை

பல்செட் செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஆட்டம். ஆட்டம் என்றால் ஓடியாடுவது இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவர் கதை சொல்வார். அவருடைய தங்கையும், மனைவியின் தம்பியான மச்சினனும் ஆளுக்கொரு வீரனாக மாறி, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். அவ்வளவுதான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவருடைய விதிப்புத்தகம் நானூறு பக்கம். ஒருவன் சுவரேற வேண்டுமென்றால் மூட்டையின் எடை, சுவரின் ஈரம், செருப்பின் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டுத்தான் பகடையைத் தொட முடியும். இந்த லட்சணத்தில் ஒரு கோட்டையை மூன்று வருடமாக முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் இப்போது எங்கே பார்த்தாலும் இந்த ஆட்டம்தான். காபிக் கடையில்கூட மேசை போட்டு நடத்துகிறார்கள். அங்கே விதி ஒரே பக்கம், பகடை ஒன்றே ஒன்று. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் நடந்தது, இல்லாவிட்டால் இல்லை. போன ஞாயிறு அவசர வேலை என்று இவர் ஆட்டத்தை ரத்து செய்திருந்தார். "உங்க மச்சினன் அன்னிக்குக் காபிக் கடையில ஆடிட்டு இருந்தாரு அண்ணா," என்று தங்கை போட்டுக்கொடுத்ததிலிருந்து அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு, மெழுகை மறுபடி உருக்கினார்.

குற்றம் தன்மேல்தான் என்று அவருக்கே பட்டது. மச்சினன் வெல்டர். வாரம் முழுக்க இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவன், இவர் கணக்கில் இறங்கினால் கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடிவிடுவான். அவனும் போய்விட்டால் தங்கையை மட்டும் வைத்து ஆட முடியாது, ஆட்டம் கலைந்துவிடும். அது கலைந்தால் அவருக்கென்று மிச்சம் ஒன்றுமில்லை. மற்ற ஆறு நாளும் அடுத்தவர் வாய்க்கான வேலைதான்.

எனவே இந்த ஞாயிறு புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு தாளை மேசையில் வைத்தார்.

தங்கை சுவரேறினாள், ஐந்து. மச்சினன் கதவை உடைத்தான், ஆறு. இருபது நிமிடத்தில் கோட்டை விழுந்தது.

"இதுக்கா அண்ணா மூணு வருஷம்?" என்று தங்கை சிரித்தாள்.

மச்சினன் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"என்ன மாப்ள, பிடிக்கலையா?"

"பழைய ஆட்டமே ஆடலாமே மாமா."

அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "கணக்குப் போட்டே உன்னை விரட்டிட்டேன்னுல்ல நெனச்சேன்."

"அந்தக் கணக்குதான் வேணும். நீங்க ஆரம்பிச்சா கால் மணி நேரம் ஆகும். வீட்டுல ரெட்டைங்க பொறந்ததுலேருந்து ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்குது. வாரத்துல நான் நிம்மதியாக் கண்ண மூடுறது இந்த நாற்காலியிலதான். போன வாரம் நீங்க இல்லன்னதும் அங்க போய்ச் சாயலாம்னு பாத்தேன். அரை நிமிஷத்துக்கு ஒருதரம் என் முறை வந்துடுது. விட மாட்டேங்கிறாங்க."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, வலித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பல் அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்த கதை.

"அப்போ கதை?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்திருக்கும் மாமா," என்றான் மச்சினன், மனசாரவே.