மூன்றாம் ஷிப்ட்

எங்கள் வீட்டில் ராத்திரி காலை ஒன்பது மணிக்குத்தான் வரும். நீலத் திரையை இழுத்துவிட்டால் படுக்கையறை தண்ணீருக்கு அடியில் போன மாதிரி ஆகிவிடும். என் வீட்டுக்காரர் கோவிந்தராஜ் அதில் மல்லாந்து மிதப்பார். வடக்கே ஆகுர்டியில் ஸ்கூட்டர் கம்பெனி வேலை, மூன்றாம் ஷிப்ட். ராத்திரி பதினொன்றுக்குப் போய்க் காலையில் வருவார். குறட்டை மாடிப்படி வரை கேட்கும். அதற்குப் பயந்துதான், அவர் வீட்டிலிருக்கும் லீவு ராத்திரியிலும் நான் மகளோடு பக்கத்து அறையில் படுக்க ஆரம்பித்தேன். மூன்று வருஷமாகிவிட்டது.

மற்றவர்களுக்கெல்லாம் இன்னும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறது என்று எனக்குச் சொன்னவள் மேல்வீட்டு வனஜா. அவள் புருஷனுக்கும் அதே கம்பெனி.

"உங்க வீட்டுக்காரர் தானே எழுதிக் குடுத்து பர்மனன்ட்டா நைட் வாங்கிட்டாராமே, தெரியாதா?" என்றாள்.

தெரியாது. கேட்டதும் சுருக்கென்றது. ராத்திரியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, வேறென்ன? முப்பத்தெட்டு வயதில் சலித்துப் போய்விட்டேனா என்று கண்ணாடி முன்னால் நின்றேன். கோபம் பாதி, அழுகை பாதி.

அவர் எழுந்து டீ குடிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நான் உங்களுக்கு வேண்டாமா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "என்னால முடியறதில்ல அகல்யா," என்றார். "யாருக்கும் தெரியாம மாத்திரைகூட வாங்கிப் போட்டுப் பாத்துட்டேன். ராத்திரி ஊட்ல இருந்தா நீ ஆசையா வருவ, நான் தோத்துப் போவேன். அதுதான் எழுதிக் குடுத்துட்டேன்."

இப்படியும் ஒரு மனுஷன்! தோற்கப் பயந்து ஆட்டத்தையே விட்டு ஓடியிருக்கிறார். நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். குறுகிப்போயிருந்த அவர் தோளைப் பார்த்ததும் டம்ளரை எடுத்து இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

ஔந்து என்ற பகுதியில் ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், கழுத்தை அளந்தார், பிறகு என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார்: "தூக்கத்தில் இவருக்கு மூச்சு நிற்கிறதா?"

பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. "பக்கத்தில் படுத்துப் பாருங்கள்," என்றார் டாக்டர்.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போனதும் அவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன். நீல வெளிச்சம், மின்விசிறி, எங்கோ ஒரு குக்கர் சத்தம். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. மார்பு அசைகிறது, மூச்சு மட்டும் இல்லை. எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினெட்டு. திரை அசையவில்லை, குக்கர் சத்தமும் நின்றுவிட்டது, என் மூச்சையும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழில் அவர் திணறிக்கொண்டு மேலே வந்தார். மறுபடி மூழ்கினார். மதியம் வரை நானும் அவரோடு மூழ்கி எழுந்தேன். இத்தனை நாள் தனியாகவே மூழ்கியிருக்கிறார்; நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். இந்த மூச்சுத் தடைக்கும் அந்தக் குறைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றார் டாக்டர். தூக்கத்தில் போட்டுக்கொள்ள ஒரு காற்று மெஷின் தந்தார். முதலில் மூச்சு, தேவைப்பட்டால் தன் மேற்பார்வையில் மாத்திரை, முடிந்தால் நைட் ஷிப்டை விட்டுவிடுங்கள் என்றார். ஷிப்ட் என்றதும் இவர், "பாக்கலாம்," என்று தரையைப் பார்த்தார். பயம் போகவில்லை.

முகமூடியும் குழாயுமாக முதல் நாள், "யானையாட்டம் இருக்கறனா?" என்று கேட்டார்.

"புள்ளையார்னு நெனச்சுக்கறேன், தூங்குங்க," என்றேன்.

குறட்டை போன அறையில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மெஷின் மெதுவாக ஊதும், அவர் மூச்சு அறுபடாமல் போகும். எண்ணி எண்ணிப் பார்ப்பேன். மூன்றுக்கு மேல் எண்ண விடவில்லை. இப்படியே ஆடியும் ஆவணியும் போயின.

ஒரு மழை மதியம் தானாக விழித்து, முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"கனவு கண்டேன் புள்ள. எத்தன வருஷமாச்சு! லைன்ல ஸ்கூட்டர் ஒவ்வொண்ணா வருது. எல்லாத்துலயும் பின்சீட்டுல நீ உக்காந்திருக்கற. வண்டிய வெளிய அனுப்பவே மனசு வரல."

"எல்லாத்துலயும் நான்தானா? நல்லாப் பாத்தீங்களா?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது.

"ஷிப்ட மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. ராத்திரி ஊட்ல இருக்கோணும்னேன்."

"பயமா இல்லீங்களா?"

"இருக்குது. தோத்தாலும் உம் பக்கத்துல இருந்தே தோத்துக்கறேன்."

எழுந்து போய், மகள் கட்டிலிலிருந்து என் தலையணையை எடுத்து வந்தேன்.