மூன்று அடையாளம்

உமா மகேஸ்வரி என்று கேட்டால் அந்தமானின் லாங் ஐலண்டில் பாதிப் பேர் முழிப்பார்கள். ஆஷா தீதி, அதாவது ஆஷா அக்கா என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பிரஷர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பெங்காலி வீடு, தமிழ் வீடு என்று பார்க்காமல் ஏறி இறங்குகிற ஆஷா சுகாதாரப் பணியாளர் அவள். ஏறிய வீட்டிலெல்லாம் பக்கவாதத்துக்கு மூன்று அடையாளம் சொல்வாள். வாய் ஒரு பக்கம் கோணும், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தொங்கிவிடும், பேச்சு குழறும். இதில் ஒன்று தெரிந்தாலும் உலையை இறக்கி வைத்துவிட்டு ரங்கத் ஆஸ்பத்திரிக்கு அடுத்த போட்டைப் பிடிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு ஊருக்கே மனப்பாடம்.

அவள் புருஷன் குழந்தைவேலுவுக்கு வனத்துறையில் மஸ்தூராகக் கூலி வேலை. போன வருஷ மருத்துவ முகாமில் அவருக்கு ஏறிய பிரஷரைப் பார்த்து நர்ஸ் விசாலாட்சி நம்பாமல் மறு கையிலும் கட்டிப் பார்த்தாள். அதுவரை சனிக்கிழமை தவறாமல் குடித்த மனுஷன், அன்றைக்கு உமா கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மாத்திரையும் தவறாமல் போட்டார். அதிலிருந்து உமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டு ஆளே விட்டாச்சு, உங்க ஆளுக்கு என்ன கேடு" என்று வீட்டுக்கு வீடு அவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அந்தச் சத்தியம் அவருடையது போய் அவளுடையதாக ஆகிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால், தங்கையா வீட்டில் காதுகுத்து. அங்கே பந்தலுக்குப் பின்னால் என்ன ஓடும் என்பது ஊருக்கே தெரியும். குழந்தைவேலு மொய் வைத்துவிட்டு வருகிறேன் என்று போனார். மதியம் திரும்பும்போது ஒரு காலில் செருப்பு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் சொல்லாக வரவில்லை. குழாயடியில் நாகரத்தினமும் இன்னும் நாலு பெண்களும் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உமாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"திரும்ப ஊத்திக்கிட்டு வந்துட்டீகளா. என் மானத்த வாங்கணும்னே நாள் பார்த்துப் போனீகளா."

குழாயடிக்குக் கேட்கட்டும் என்றுதான் அப்படிக் கத்தினாள். அவரை உள்ளே தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள். ரங்கத் போகும் மதிய போட் ஜெட்டியில் ஹாரன் அடித்தது. அந்த நேரம் அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் உட்கார்ந்து, வாய் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயக் கதவைத் திறந்தாள். பாய் நனைந்திருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. இரண்டு வார்த்தை திட்டலாம் என்று குனிந்தவளுக்கு அவர் சட்டையிலிருந்து சந்தன வாசமும் வாயிலிருந்து பாயசத்து ஏலக்காய் வாசமும்தான் வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, போட் எடுக்க ஆளில்லை. மறுநாள்தான் கொண்டுபோக முடிந்தது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"ஷாம் தக் டீக் தா, சார்" என்றாள் உமா. சாயங்காலம் வரை நன்றாக இருந்தாராம். நாக்கு கூசாமல் வந்தது அந்தப் பொய்.

சீக்கிரம் வந்திருந்தால் கையாவது கொஞ்சம் தேறியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றிலிருந்து சோறு தின்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு குழந்தைவேலுவுக்குப் பேச்சு வரவில்லை. நல்ல கையாகிய இடது கையின் கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோவார், பிறகு தலையை இல்லை இல்லை என்று ஆட்டுவார். நான் குடிக்கவில்லை. முதல் தடவையே உமாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், "சரி, படுங்க" என்று போர்வையை இழுத்துவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமும் அவர் அதையே காட்டினார். "ஆமாண்ணே, இனிமே தொடாதீங்க, அவ்வளவுதான்" என்று அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். குடித்துக் குடித்துத்தான் குழந்தைவேலு விழுந்தான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அவள் கத்தியதை வைத்துத்தானே கட்டியது. இல்லை, அவர் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் ஏன் தீதி கதவைச் சாத்தினே?

இந்த மாதம் சமுதாயக் கூடத்தில் மறுபடி முகாம். குழந்தைவேலுவையும் கூட்டிவரச் சொன்னாள் விசாலாட்சி. பார்த்தால் நாலு பேருக்குப் புத்தி வருமாம். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். உமாவே தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டுக் கூட்டி வந்திருந்தாள்.

"நம்ம தீவுல முப்பது வயசு தாண்டினவங்கள்ல மூணுல ஒருத்தருக்குப் பிரஷர் இருக்கு" என்று தொடங்கினாள் விசாலாட்சி. "அதுல பாதிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது. கருவாடு, ஊறுகாய், பீடி, குட்கா, எல்லாம் சேருது. அதோட தண்ணியும் சேர்ந்தா என்ன ஆகும்? நம்ம குழந்தைவேலு அண்ணனையே பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். குழந்தைவேலு கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். தலையை ஆட்டினார். யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அதையே செய்தார், கண்ணில் நீர் வழிய.

அடுத்து உமா பேச வேண்டும். எழுந்தாள். வாய் கோணும் என்றாள். கை தொங்கும் என்றாள். மூன்றாவதற்கு வந்தாள்.

"பேச்சு குழறும். நடை தள்ளாடும். பாக்கறதுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும்." நாகரத்தினத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவுக அன்னிக்குக் குடிக்கல. ஒரு சொட்டுக் குடிக்கல. நாந்தான் குடிச்சிருக்காகன்னு கத்தி, உள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். மத்தியானமே போட் இருந்துச்சு. டாக்டர்கிட்ட சாயங்காலம்னு பொய் சொன்னேன்."

விசாலாட்சி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

கடைசியில் நாகரத்தினம்தான் கேட்டாள். "அப்ப வாயை மோந்து பாத்தா தெரிஞ்சிருமா தீதி?"

"மோந்து பாக்க வேணாம்" என்றாள் உமா. "குடிச்சே வந்திருந்தாலும் போட்டுக்குத் தூக்கிட்டு வாங்க. குடிச்சாகளான்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

அவளுக்கு அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊரார் முகத்தையாவது பார்த்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெகு நேரம் கழித்துத் திரும்பினாள். குழந்தைவேலு கையை இறக்கி மடியில் வைத்திருந்தார். அந்த விரலை அதற்குப் பிறகு அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை.