பாக்கியம் வீட்டுக் கதவு

ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறதாம். அதற்குள் தன் சட்டைக் கையில் ஒரு பதவி உயர்வுப் பட்டை வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான் கான்ஸ்டபிள் பொன்னுதுரை. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட் ஒரே ஒருவனைப் பிடித்தால் போதும், பட்டை நிச்சயம். ஆனால் அவனைப் புதிதாக மாற்றிப் போட்ட இடமோ மலாக்கா டவுனுக்குள் காஜா பேராங். ஊரடங்கையே ஜனங்கள் மறந்து வருஷக்கணக்காகிறது. சைக்கிள் திருட்டும் சேவல் சண்டையும்தான் அங்கே கேஸ். கம்யூனிஸ்ட் குதிரைக்கொம்பு.

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்று தன்னையே நொந்துகொண்டு ரோந்து சுற்றுவான்.

போகியன்று சாயங்காலம் செட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குள் நுழைந்தான். செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வேர்விட்ட தமிழ் வம்சம். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அங்கே ஒரு வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தன. குடும்பமே வாசலில் பேச்சுமூச்சில்லாமல் நின்றது. பொன்னுதுரை பக்கவாட்டில் பதுங்கிப் போய்ப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தான்.

அடேயப்பா! பாயில் வரிசையாக வாழை இலை. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, மிளகாய்ச் சம்பல், கோழிக்கறி, பற்றவைத்த சிகரெட், மூடி திறந்து வைத்த ஸ்டௌட் பீர் பாட்டில். உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆளைக் காணோம்.

“சத்தம் போடாதீங்க. அவங்க நிம்மதியாச் சாப்பிடட்டும்” என்று வாசலில் மலாயில் கிசுகிசுத்தாள் வீட்டுக்காரி பாக்கியம்.

எவங்க? காட்டிலிருந்து இறங்கி வந்தவனுகளுக்கு விருந்தேதான்! பொன்னுதுரை விசிலைக் கையில் எடுத்தான். இத்தனைக்கும் அவன் அம்மாவும் வருஷா வருஷம் செத்தவர்களுக்குப் படையல் போட்டுக் கதவைச் சாத்துகிறவள்தான். மலாய்க்காரிகள் போலக் கெபாயா உடுத்தி மலாய் பேசுகிறவர்களுக்கும் செத்துப்போன தாத்தன் பாட்டன் இருப்பான் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவில்லை. அங்கேதான் பட்டை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததே!

விசிலை ஊதினான். வாசலுக்குப் பாய்ந்து பூட்ஸ் காலால் விட்டான் ஒரு உதை. சும்மா சாத்தியிருந்த கதவு, பாவம், கீலோடு பெயர்ந்து விழுந்தது.

“கையைத் தூக்குங்கடா!”

தூக்க ஒருத்தருமில்லை. சாம்பிராணிப் புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் மாலை போட்ட படங்கள். கடைசிப் படத்தில் ஓர் இளைஞன், இவன் போட்டிருக்கிற அதே போலீஸ் உடுப்பில்.

“என் தம்பி வேலாயுதம்” என்றாள் பின்னால் வந்த பாக்கியம். “ஜாசின் பக்கம் டியூட்டியில குண்டு பட்டுச் செத்தான். நீங்க இப்போ கையைத் தூக்கச் சொன்னது அவனைத்தான்.”

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு. பூமி எங்கே பிளந்தது? விசில் சத்தம் கேட்டு சைக்கிளில் சார்ஜன்தான் வந்து இறங்கினார்.

“என்ன கலாட்டா?”

பொன்னுதுரையின் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. “வீட்டுக்குள்ள புகை, சார்ஜன். நெருப்புன்னு நெனச்சுக் காப்பாத்த உடைச்சேன்.”

“பாகுஸ், நல்ல வேலை!” சார்ஜன் முதுகில் தட்டிக்கொடுத்தார். “இதுக்கு உனக்குப் பட்டையே கேட்கலாம். மேலிடத்துல சொல்றேன்.”

அடித்தது யோகம்! பாக்கியம் வாயைத் திறந்தால்தான் ஆபத்து. அவள் திறக்கவில்லை. குனிந்து, வேலாயுதத்தின் இலையில் சிதறிக் கிடந்த மரச்சிராய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

“பொய், சார்ஜன்” என்றான். “நெருப்பும் இல்லை, மண்ணும் இல்லை. கம்யூனிஸ்ட்டுக்கு விருந்துன்னு நெனச்சு உதைச்சேன். செத்தவங்களை அரெஸ்ட் பண்ண வந்த அடிமுட்டாள் நான்.”

சார்ஜன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “பட்டையை மறந்துடு. கதவை நீயே மாட்டிக் கொடுத்துட்டு வா” என்று சைக்கிளில் ஏறினார். நாளைக்கு ஸ்டேஷனே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய மூஞ்சிதானே.

அவன் கதவைத் தூக்கி நிறுத்தப் படாதபாடு பட்டான். பாக்கியம் வேலாயுதத்தின் இலைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இலை போட்டாள்.

“அதை அப்புறம் பார்க்கலாம். அவங்க சாப்பிட்டாச்சு, வந்து உட்காருங்க தம்பி” என்றாள். “அவனும் ஒருநாளும் கதவைத் தட்டிட்டு வந்தவன் இல்லை.”